மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்

உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டாதே என்று சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால் அடங்கவில்லை. போன வாரம் ரெஜினா அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டதிலிருந்து இரண்டு காலும் சேர்ந்து ஆடுகின்றன.

ரெஜினா தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற பாறசாலைக்காரி. என்னிடம் ஜெர்மன் படித்து, பிறகு என் வேலைக்கே வந்தவள். "டீச்சரே, அறிஞ்சீங்களா? இனி நம்மள வேண்டாம்னு வச்சிருக்காங்களாம். மெஷினு கேட்டு மெஷினே பறையுமாம். டெஸ்ட் பண்ணிப் பாக்குறாங்க. நீங்க இத்தற வருஷம் செஞ்ச ஆளில்லியா, உள்ளத ஒண்ணு எழுதித் தாங்க. குரூப்புல எல்லாரும் வாசிச்சுக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தாள். குரூப்பில் இருப்பது இதே வேலை செய்கிற ஏழெட்டுப் பேர். எழுது என்றால் உடனே எழுத வந்துவிடுமா? கூடத்துக்கும் அடுக்களைக்குமாகச் சில நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பேசும் ஐரோப்பிய நாடு ஒன்றில் தஞ்சம் கேட்டு வரும் தமிழர்களை அந்த நாட்டு அதிகாரி விசாரிப்பார். இலங்கையிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். அவர்கள் பேச்சில் அதற்கு அசூல் அடிப்பது என்று பெயர். அதிகாரி ஜெர்மனில் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும்; அவர்கள் தமிழில் சொல்வதை ஜெர்மனில் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் அங்கே ஒரு மேஜைக்கு இரண்டு பக்கம். நான் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், எங்கள் வீட்டுப் பின்னறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே வருகிறவர்களின் பெயர், ஊர், தேதி எல்லாம் நான் மாற்றியவை.

இதற்கு நான் வந்ததே தற்செயல். தம்பானூரில் ஒரு மாடியில், வெளிநாடு போகிற நர்ஸ் பெண்களுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே லாட்ஜ், மேலே நாங்கள், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். வலி எங்கே, எப்போதிலிருந்து, குத்துகிறதா எரிகிறதா என்று நோயாளியிடம் கேட்கிற வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்துபோயிருந்தது. அப்படிப் போன ஒரு பெண், இரண்டு மொழியும் தெரிந்த ஆளை ஒரு ஏஜென்ஸி தேடுகிறது என்று எழுதினாள். பரீட்சை வைத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி கொடுத்தவரும் பிறகு மேலதிகாரியாக இருந்தவரும் ஒருவரே. பிரிகிட்டா அம்மையார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. திரையில் தெரிவது ஒட்ட வெட்டிய நரைத்த தலை, பின்னால் ஒரு காலண்டர்கூட இல்லாத வெள்ளைச் சுவர். வணக்கம் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "தண்ணீர் இருக்கிறதா?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் தம்ளரை எடுத்துக் காமிராவுக்குக் காட்ட வேண்டும். பிறகு வெள்ளைத் தாள். அதன் இரண்டு பக்கமும் காலியாக இருப்பதைத் திருப்பிக் காட்ட வேண்டும். விசாரணையின்போது பெயர், எண் என்று அதில் குறித்துக்கொள்ளலாம். முடிந்ததும் காமிராவுக்கு முன்னால் கிழிக்க வேண்டும். "இன்னும் சின்னதாக" என்பார். கிழித்ததைப் பிறகு நான் வாளித் தண்ணீரில் போட்டுக் கூழாக்குவேன். அது அவர் சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு.

"நீங்கள் ஒரு குழாய்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு முனையில் வருவது மறு முனையில் போக வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கக் கூடாது. அவர் அழுதால் நீங்கள் அழக் கூடாது. அவர் உங்களைத் திட்டினால் அதையும் மொழிபெயர்க்க வேண்டும்." கொஞ்ச நேரம் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "குழாய் ஏன் ஆடுகிறது?" என்றார். மேஜைக்கு அடியில் என் கால் ஆடியதில் தோள் குலுங்கியிருக்கிறது. அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். வேடிக்கையாகத்தான் சொன்னாரா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

இன்னும் இரண்டு விதிகள். எதிரே இருப்பவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அவர் இப்படிச் சொல்கிறார், அப்படிச் சொல்கிறார் என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. ஒரே மத்தியானத்தில் நான் லாரி டிரைவராக இருந்திருக்கிறேன், ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்திருக்கிறேன், கடலில் தம்பியைப் பறிகொடுத்தவனாக இருந்திருக்கிறேன். முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டு எழுந்து போய் முருங்கைக்காய் நறுக்குவேன். உண்மையிலேயே நானாகப் பேச வேண்டி வந்தால் மட்டும் என்னை நானே மூன்றாம் ஆளாக்கிக்கொள்ள வேண்டும். "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று தொடங்கி, அதிகாரி அனுமதித்தால் மேலே பேசலாம். காதில் விழாதபோதும் ஒரு சொல் தெரியாதபோதும் கேட்பதற்காக அந்த வாக்கியம்.

எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பேசுவது யார் காதிலும் விழக் கூடாது என்பதால் சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, ஜன்னலைச் சாத்தி, வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படியும் லாட்டரி சீட்டு விற்கிற ஆட்டோ மைக் வைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்துவிடும். ஒரு அதிகாரி பயந்துபோய், அங்கே ஏதாவது கலவரமா என்று கேட்டார். இல்லை, ஒருவருக்குக் கோடி ரூபாய் கிடைக்கப் போகிறது என்று விளக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. வெறும் வியாபாரச் சத்தம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

இனி, எழுது என்று ரெஜினா சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்த விசாரணைக்கு வருகிறேன்.

வந்தவரைக் குமரன் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சொச்சம் வயது. இலங்கையின் வடக்குப் பக்கம். கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்ட ஜாக்கெட்டை, அறைக்குள் வந்த பிறகும் கழற்றவில்லை. அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒரு சாயங்காலம் சில ஆட்கள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மறுநாள் குளக்கரையில் உடல் கிடந்தது. வந்தவர்களில் ஒருவன் முகத்தை மகன் பார்த்துவிட்டான், அதைப் போலீசில் சொல்லியும்விட்டான். அன்றிலிருந்து மகனைத் தேட ஆரம்பித்தார்கள். அவர் வீடு மாறி, ஊர் மாறி, கடைசியில் நாடு மாறிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தேன் என்று அவர் சொல்வதை அதிகாரி நம்பினால் அங்கே தங்கலாம். நம்பாவிட்டால் அந்த முகம் இருக்கிற ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். கடும் ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. குமரனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். அது இரண்டாவது விசாரணை. முதல் விசாரணை சில மாதங்கள் முன்னால் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து நடந்திருந்தது.

"உங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது எந்தத் தேதி?" என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஓகஸ்ட் இருபத்திமூண்டு."

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "சென்ற விசாரணையில் செப்டம்பர் மூன்று என்று சொல்லியிருக்கிறீர்கள்."

குமரன் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, "ஓம், ஓம். அது போன முறை. இந்த முறை இருபத்திமூண்டு" என்றார்.

குழாய் தன் வேலையைச் செய்தது. 'அது போன முறை, இந்த முறை இருபத்திமூன்று' என்று ஜெர்மனில் சொன்னேன். சொல்லும்போதே அது பைத்தியக்காரத்தனமாகக் காதில் விழுந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்கள் அப்பா இரண்டு முறை கொல்லப்பட்டாரா?"

அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவைப் பறிகொடுத்த மகனிடம், என் வாயால். சொன்னேன். குமரன் திரையில் என்னைத்தான் பார்த்தார், அதிகாரியைப் பார்க்கவில்லை.

"அம்மா, நான் பொய் சொல்லேல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

எனக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது. 'இந்த முறை' என்று அவர் சொன்னபோதே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மாமனாருக்குத் திவசம் செய்வது திதி பார்த்துத்தான். வருஷா வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்து, இந்தத் தடவை இன்ன தேதி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஒரு வருஷம் பத்து நாள் முன்னால் வரும், இன்னொரு வருஷம் பின்னால் தள்ளிப்போகும். அவர் இறந்த இங்கிலீஷ் தேதி என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் நானும் விழிப்பேன். பக்கத்துத் தெரு மலையாளிகளுக்கு நட்சத்திரக் கணக்கு, அவர்களும் விழிப்பார்கள். குமரனுக்கு ஊரிலிருந்து அம்மா போனில் தேதி சொல்லியிருப்பாள். அவர் அன்றைக்கு, தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைக்கிற ஹாஸ்டல் அறையில் சோறு படைத்துக் கும்பிட்டிருப்பார். முதல் விசாரணையில், ஊரில் கடைசியாகச் செய்த திவசத்தின் தேதியைச் சொல்லியிருக்கிறார். இப்போது, அங்கே வந்து செய்த திவசத்தின் தேதியைச் சொல்கிறார். இரண்டும் அவருக்கு அப்பா போன நாள்தான். கேட்கிறவருக்கு இது தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி, நான் பேசக் கூடாது.

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வீட்டு வாசல் எந்தத் திசை, வெளிச்சம் இருந்ததா, முகத்தில் தழும்பு உண்டா. நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் ஆடிய ஆட்டத்தில் தம்ளர் தண்ணீர் நடுங்கியது. இந்த மனிதரைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்து அனுப்பி வைக்கப் போகிறேன் என்று தோன்றியது. விளக்கினால் நான் குழாய் இல்லை, வக்கீல். மொழிபெயர்ப்பாளர் பக்கம் சாய்ந்தார் என்று எழுதிவிட்டால் அவருடைய கேஸே கெட்டுப்போகலாம். பேசினாலும் அவர் தலையில் விடியும், பேசாவிட்டாலும் விடியும்.

வாய் முந்திக்கொண்டது.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார். அனுமதி உண்டா?"

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏதாவது சொல் விளங்கவில்லையா?"

"சொல் எல்லாம் விளங்கியது. அந்தத் தேதியை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று அவரிடம் நீங்கள் கேட்க முடியுமா? அவ்வளவுதான்."

இங்கே தெரு முனையில் லாட்டரி ஆட்டோ. அது உள்ளே வரக் கூடாதே என்று பத்மநாப சுவாமியை வேண்டிக்கொண்டேன்.

அதிகாரி என்னை முறைத்தார். பிறகு குமரன் பக்கம் திரும்பி, "இந்தத் தேதியை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டார்.

"அம்மா சொன்னவா."

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"கோயில் ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுவார். ஒவ்வொரு வருசமும் திவசத்துக்கு முதல் சொல்லுவார்."

"ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டுமா? ஏன்?"

"மாறும்தானே" என்றார் குமரன், இது என்ன கேள்வி என்பதுபோல.

"சரி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று என்ன தேதி?"

"தேதி எனக்குத் தெரியாது. ஆவணி மாசம், அபரபக்கச் சட்டி. அதுதான் தெரியும். அது எனக்குப் பிழைக்காது."

தேய்பிறை சஷ்டியை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். 'தேதி எனக்குத் தெரியாது. ஆவணி மாதம், தேய்கிற நிலவின் ஆறாம் நாள். அதுதான் தெரியும். அது எனக்குத் தவறாது' என்று ஜெர்மனில் சொன்னேன். வழக்கமான குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதிகாரி நிலவு என்ற சொல்லை ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டு எழுதினார். நிறைய எழுதினார். என்ன எழுதினார் என்று அவர் முகத்தில் தேடினேன், ஜலதோஷம்தான் தெரிந்தது.

கடைசியில் வாக்குமூலம் முழுவதையும் நான் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தேதிகளும் அதில் இருந்தன. மதப் பஞ்சாங்கத்தின்படி நாள் மாறும் என்று மனுதாரர் கூறுகிறார் என்ற வரியும் இருந்தது. அப்பா இரண்டு முறை கொல்லப்பட்டாரா என்ற கேள்வி இல்லை. குமரன் தலையாட்டிக்கொண்டே கேட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது திரையைப் பார்த்து, "அம்மா, உங்கட அப்பா இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

விதி விதிதான். அதையும் ஜெர்மனில் சொன்னேன். "அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை" என்றார் அதிகாரி. அதையும் தமிழில் சொன்னேன். என் அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, தை மாதம். அதைச் சொல்ல வழியில்லை. குமரன் கைகூப்பிவிட்டுப் போனார். நான் தாளைக் கிழித்தேன்.

சில நாள் கழித்துப் பிரிகிட்டா அம்மையார் அழைத்தார்.

"தண்ணீர் இருக்கிறதா?"

தம்ளரைக் காட்டினேன்.

"மொழிபெயர்ப்பாளர் விசாரணையில் தலையிட்டார் என்று குறிப்பு வந்திருக்கிறது."

"அனுமதி கேட்டுத்தான் பேசினேன்."

"சொல் விளங்காவிட்டால் அனுமதி கேட்கலாம். சொல் விளங்கியதா?"

"விளங்கியது."

"அப்படியானால்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல் எல்லாம் விளங்கி, அவருக்கு ஒன்றும் விளங்காமல் போனால் நான் என்ன செய்வது? அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். இருவருக்கு விஷயம் தெரியும். தெரியாதவர் கையில்தான் பேனா இருந்தது" என்று கத்திவிட்டேன். அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்தினார்கள்.

அவர் பதற்றப்படவில்லை. "உங்கள் அப்பா இறந்த தேதி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. திதிதான் தெரியும்."

ஏதோ குறித்துக்கொண்டார். "கால் ஆடுகிறது" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார்.

அதன் பிறகு வெகுநாள் எனக்குத் தஞ்ச விசாரணை எதுவும் வரவில்லை. பல் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட ஆசிரியர் சந்திப்பு என்றே அனுப்பினார்கள். தண்டனையா, ஓய்வா, யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பழையபடி வரத் தொடங்கியது, அதற்கும் காரணம் சொல்லவில்லை. குமரன் கேஸ் என்ன ஆயிற்று என்று அம்மையாரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "எனக்கும் சொல்ல மாட்டார்கள்" என்றார். அது உண்மைதான். முடிவு எங்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. டிவியில் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்று யாரையாவது காட்டினால் நான் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நிற்பேன். கழுத்துவரை ஜிப் போட்ட ஜாக்கெட்டைத் தேடுவேன். ஊர் வெயிலில் அதைக் கழற்றியிருப்பார் என்பது பிறகுதான் தோன்றும்.

ரெஜினா அந்த மெஷினை என் போனில் போட்டுக் கொடுத்தாள். தனியாக உட்கார்ந்து, அதனிடம் 'அது போன முறை, இந்த முறை இருபத்திமூன்று' என்று சொன்னேன். நொடியில் ஜெர்மனில் சொல்லிற்று. பிழையே இல்லை. அன்றைக்கு நான் சொன்ன அதே வாக்கியம். இவ்வளவையும் ரெஜினாவிடம் சொன்னபோது அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுல தேதிதான் டீச்சரே. அப்பச்சன் போன நாளு வருஷா வருஷம் பேப்பர்ல போட்டோவோட வரும். சத்தியமா பறையுறேன், நானா இருந்தா இது அறியாம விட்டிருப்பேன்" என்றாள். இதை வைத்து மெஷினைவிட நாம் உசத்தி என்று குரூப்பில் யாரும் மார்தட்ட வேண்டாம். நான் கேட்டதால் அவருக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று எனக்கே தெரியாது. மெஷினாக இருந்தால் அதோடு மறந்திருக்கும். எனக்கு அது முடியவில்லை.

வருஷா வருஷம் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் இரண்டு பக்கத்துத் திவச நாட்களையும் காலண்டரில் குறிப்பார். அந்த விசாரணைக்குப் பிறகு நான் கூடவே ஒன்று கேட்பேன். "ஏன்னா, ஆவணி தேய்பிறை சஷ்டி என்னிக்கு வரது?" அவர் பார்த்துச் சொல்வார். ஏன் என்று முன்பெல்லாம் கேட்டதில்லை. கேட்டாலும் நான் சொல்ல முடியாது. அந்த நாளில் நான் ஒன்றும் செய்வதில்லை, கூடத்தில் நடப்பேன், அவ்வளவுதான். குமரன் அன்றைக்கு அந்த ஹாஸ்டல் அடுப்பில் சோறு வடிக்கிறாரா, அந்தக் குளக்கரையில் நிற்கிறாரா, இரண்டும் இல்லையா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இந்தத் தடவையும் கேட்டேன். அவர் விரலால் தேடிக்கொண்டே, "எல்லா வருஷமும் கேக்கறயே, அது யாருக்காக்கும்?" என்றார்.

நான் இன்னும் அந்த விசாரணையில்தான் இருந்தேன்.

"எங்கப்பாவுக்கு" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்கப்பாவோடது தை மாசமல்லவா லலிதா? இப்பத்தானே குறிச்சேன்?"

என் கால் நின்றிருந்தது.

"அதுவும் இருக்கட்டும்" என்றேன். "இதையும் பாத்துச் சொல்லுங்கோ."